கப்பலா, கரைவழியா? விடுமுறைக்குக் கிளம்பும் குமரிக் குடும்பங்களுக்கு

ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா, அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், அப்புறம் மே மாதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் விடுமுறைக்குப் பஞ்சமில்லை. முன்பெல்லாம் 'எங்கே போகலாம்' என்ற பேச்சு வேளாங்கண்ணி, மூணாறு, கொடைக்கானல் என்று சுற்றி, கொஞ்சம் வசதி இருந்தால் டெல்லி, காஷ்மீர் வரைக்கும் போகும். கடந்த சில ஆண்டுகளாக அதில் சொகுசுக் கப்பலும் சேர்ந்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து லீவில் வரும் மகன், "அப்பாவையும் அம்மாவையும் ஒருதடவை கப்பலில் கூட்டிக்கொண்டு போகலாம்" என்கிறான். "அந்தப் பணத்துக்கு ரயிலும் பஸ்ஸுமாக நாமே பத்து ஊர் பார்க்கலாமே" என்கிறாள் மருமகள். இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கும் மாமி வேறொரு கேள்வி போடுகிறார்: "கடலு நமக்கு வீட்டுப் பக்கத்திலதான் கெடக்கு. அதுக்குப் பைசா குடுத்துக் கப்பல்ல வேற போணுமா?"

மூன்று பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு பெரும்பாலும் 'எது மலிவு' என்ற இடத்தில் போய் நின்றுவிடும். விலை முக்கியம்தான், அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் ஊர்களைக் காட்டுவதற்காக ஓடுவதில்லை. போய்ச் சேர வேண்டிய இடமே கப்பல்தான். இதைத் தெரிந்து ஏறுபவர்கள் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். ஊர் பார்க்கலாம் என்று ஏறுபவர்கள் குறைப்பட்டுக்கொண்டு திரும்புகிறார்கள்.

கப்பல் வாகனமாக இருந்த காலம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்கள் கப்பலில்தான் போனார்கள். எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் 1970-களிலும் அந்த வழியில் ஓடியது. 1980-களில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் சேவை முடிந்துபோனது. உலகம் முழுக்க இதே கதைதான். ஜெட் விமானங்கள் வந்த பிறகு அவசரக்காரர்கள் யாரும் கப்பலில் ஏறவில்லை. கப்பல் நிறுவனங்கள் பயணிகளின் அவசரத்தை விட்டுவிட்டு அவர்களின் ஓய்வை விற்கத் தொடங்கின. நீச்சல்குளம், நாடக அரங்கு, நாள் முழுக்கச் சாப்பாடு, கடைத்தெரு என்று கப்பலுக்குள்ளேயே ஓர் ஊர் உருவானது. 2024 ஜனவரியில் முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்ற கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் போகலாம். ஊழியர்கள் மட்டும் 2,350 பேர். அவ்வளவு பேர் ஏறியிருக்கும்போது அடுத்த துறைமுகம் எது என்பது இரண்டாம்பட்சம் ஆகிவிடுகிறது.

இந்தியாவில் கிடைப்பது இவ்வளவு பெரியது அல்ல. இங்கே பெயர் தெரிந்த கப்பல் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்'. 1990இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டிய கப்பல் அது. மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு என்றும், 2022 ஜூனில் சென்னையிலிருந்தும், 2023 ஜூன் முதல் சென்னை வழியாக இலங்கைக்கும் ஓட்டினார்கள். பழைய வடிவமைப்பு என்பதால் பால்கனி உள்ள அறைகள் குறைவு. பெரும்பாலானவை ஜன்னல் இல்லாத உள்பக்க அறைகளும், திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த அறைகளும்தான். வயதானவர்களை உள்பக்க அறையில் தங்கவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. நடுராத்திரியில் எழுந்து திகைத்துப்போவார்கள்.

விலை எங்கிருந்து தொடங்குகிறது

நம் மாவட்டத்தில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் இல்லை. பாக் நீரிணையும் சேதுத் திட்டும் ஆழமில்லாதவை. கொச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். குமரிக் கரைக்கு எதிரே ஆழ்கடலில் கடந்துபோகும். களியக்காவிளைக்குப் பக்கத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறந்தாலும் அது முக்கியமாகச் சரக்குப் பெட்டகங்களுக்கான துறைமுகம். ஆகவே நமக்கு ஏறும் இடம் கொச்சி, சென்னை, இல்லாவிட்டால் மும்பை. நாகர்கோவிலிலிருந்து கொச்சிக்கு ரயிலில் ஐந்தாறு மணி நேரம். சென்னைக்கு ஒரு ராத்திரி. 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய வந்தே பாரத்தில் சுமார் ஒன்பது மணி நேரம். மும்பைக்கு ஒன்றரை நாள். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதால் முந்தின நாளே போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்குவதுதான் புத்திசாலித்தனம். விளம்பரத்தில் இருக்கும் விலையில் இதெல்லாம் சேராது.

விளம்பர விலையையும் கவனமாகப் படிக்க வேண்டும். அது 'ஆளுக்கு' என்று இருக்கும், ஒரே அறையில் இருவர் தங்குவதாகக் கணக்கு. பேச்சுக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று தனித்தனியாக ஏறும். தனியாகப் போகும் ஒருவர் இரண்டு பேருக்கான கட்டணத்தை நெருங்கிக் கட்ட வேண்டியிருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் தனியாகப் போக நினைத்து இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். சாப்பாடு விலையில் சேர்ந்தது, ஆனால் எல்லா உணவகமும் அல்ல. குளிர்பானம், மது, வைஃபை, துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப்பார்க்கும் பஸ் எல்லாம் வேறு. கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையிலேயே செலவு ஏறிக்கொண்டே போகும், கடைசி நாளில்தான் மொத்தக் கணக்கு வரும். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அட்டை கொடுக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டுத் தொகுப்புப் பயணமாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) என்று ஒரு தொகையும் பிடிப்பார்கள். அது நஷ்டமில்லை, வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கையிலிருந்து முதலில் போகும் பணம் அது.

கரைவழிப் பயணத்தில் செலவு வேறு விதமாக நடக்கிறது. மொத்தமாக ஒரு நாளில் கட்டுவது கிடையாது. ரயில், அறை, சாப்பாடு, ஆட்டோ என்று சிதறிப் போகும். சிதறிப் போவதால் கணக்கு பிடிபடாது என்பது அதன் குறை. ஒன்று கெட்டால் அந்த ஒன்று மட்டும் கெடும் என்பது அதன் பலம். மதுரையில் அறை சரியில்லை என்றால் அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். கப்பலில் எல்லாப் பணமும் ஒரே தேதியில் மாட்டியிருக்கிறது. புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறி, கடைசியில் முழுப் பணமும் போகும். வீட்டில் நோயாளி இருக்கும் குடும்பங்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

குமரிக்கு வந்து போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்

துறைமுகத்தில் கிடைக்கும் நேரத்தைப் பற்றி விளக்க நம் ஊரைவிட நல்ல உதாரணம் இல்லை.

கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலா பஸ்களைப் பாருங்கள். விடியும் முன் வந்து இறங்குகிறார்கள். சூரிய உதயம். பிறகு பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுக்கு வரிசை. விவேகானந்தர் பாறை, அங்கிருந்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் வழியாக 133 அடித் திருவள்ளுவர் சிலை. பகவதி அம்மன் கோயில். சங்கு, பாசிமணி கடை. அஸ்தமனம். ராத்திரி பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊருக்குப் போய் "கன்னியாகுமரி பார்த்தாச்சு" என்கிறார்கள்.

அவர்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்க்கவில்லை. 1795 வரைக்கும் திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான் இருந்தது. மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்த திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் அவர்கள் வழியில் வரவில்லை. சிதறால் மலையில் சமணர் வெட்டிய சிற்பங்கள், மாத்தூர் தொட்டிப்பாலத்தின்மேல் நடக்கும்போது கால் கூசுவது, தோவாளைப் பூச்சந்தையின் அதிகாலை, சுசீந்திரம் தேரூர் குளங்களில் வந்திறங்கும் பறவைகள், முட்டத்துப் பாறைகள், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், மட்டிப்பழம், எதுவும் இல்லை. இந்த மாவட்டம் அவர்களுக்கு ஒரு கடற்கரை முனையாகச் சுருங்கிவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

கப்பல் பயணி எல்லாத் துறைமுகத்திலும் இப்படித்தான் இறங்குகிறார். ராத்திரி முழுக்கக் கப்பல் ஓடுகிறது, காலையில் துறைமுகம், மாலையில் திரும்ப ஏற வேண்டும். எட்டு மணி நேரம் என்று அட்டவணையில் போட்டிருந்தால், இறங்குவதற்கும் குடியேற்றச் சோதனைக்கும் ஒரு மணி நேரம், திரும்பி முன்கூட்டியே வருவதற்கு ஒரு மணி நேரம் கழியும். அப்புறம் தூரம். 'ரோம்' என்று அட்டவணையில் இருக்கும் துறைமுகம் சிவிடவெக்கியா; ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் போவதைவிடக் கூடுதல் தூரம். 'பாங்காக்' என்று இருப்பது பெரும்பாலும் லேம் சபாங், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். சாலை நெரிசலையும் சேர்த்தால் பார்க்கக் கிடைப்பது மூன்று மணி நேரம். நேரம் தப்பினால் கப்பல் போய்விடும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா பஸ்ஸில் போயிருந்தால் காத்திருப்பார்கள், சொந்தமாக வண்டி பிடித்துப் போனவருக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் மூவாயிரம் பேர் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பினால் அந்த ஊருக்கு என்ன கிடைக்கும்? அறை எடுக்கவில்லை, ராத்திரி சாப்பிடவில்லை. நெரிசல் மட்டும் மிச்சம். வெனிஸ் நகரத்தின் நடுக் கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் வருவதை இத்தாலி 2021 ஆகஸ்டில் நிறுத்தியதற்குக் கட்டடங்களும் நீர்ப்பரப்பும் பாழாவது ஒரு காரணம், இந்தக் கோபம் இன்னொரு காரணம். நம் முனையில் லாட்ஜ் நடத்துகிறவர்களையும் சாயாக்கடைக்காரர்களையும் கேட்டால் ஒரு ராத்திரி தங்குகிற பயணிக்கும் பஸ்ஸிலேயே திரும்புகிற பயணிக்கும் உள்ள வித்தியாசத்தை உடனே சொல்வார்கள்.

கடலின் நாட்காட்டி

'கடல் சீற்றம், படகு சேவை நிறுத்தம்' என்ற அறிவிப்பை குமரிப் படகுத்துறையில் பார்க்காதவர்கள் இங்கே யார்? பெரிய கப்பலுக்கும் அதே விதிதான், அளவு மட்டும் வேறு. காற்றோ அலையோ சரியில்லை என்றால் கேப்டன் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கும், முழுப் பணமும் திரும்ப வராது. லட்சத்தீவில் இது அடிக்கடி சிக்கல். அங்கே காயல் ஆழமில்லாதது. பெரிய கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, சிறு படகில் மாறித்தான் தீவுக்குப் போக வேண்டும். அலை கூடினால் படகு மாற முடியாது. தீவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எப்போது போவது என்று கேட்டால், நம் மாவட்டத்தின் மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் நம்மிடம் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடைதான் அது. ஆனால் மேற்கில் அது தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைப் புரட்டிப்போடும் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. அதனால்தான் லட்சத்தீவுக்கான சுற்றுலாக் கப்பல்கள் அக்டோபரிலிருந்து மே நடுவரைதான் ஓடுகின்றன. மும்பைக் கப்பல் மழைக்காலத்தில் சென்னைப் பக்கம் வந்து இலங்கைக்கு ஓடுவதும் அதனால்தான். அக்டோபருக்குப் பிறகு வங்கக்கடல் புயல் காலம். ஒக்கி வந்தது 2017 நவம்பர் கடைசியில் என்பதை இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கொச்சியிலிருந்து ஏறுவதாக இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நல்லது. மே லீவுக்குத்தான் எல்லாருக்கும் வசதி, ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே வெகுதூரத்தில் எழும்பும் கள்ளக்கடல் அலை நம் கரைக்கும் தீவுகளுக்கும் வந்து சேரும். ஆழ்கடலில் நிற்கும் கப்பலுக்கு அது பெரிதாகத் தெரியாது. படகு மாறும் இடத்தில்தான் தொந்தரவு.

தலைச்சுற்றலும் குமட்டலும் வருமோ என்று பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேட்க வேண்டும். அங்கே ஆட்டம் குறைவு. பக்கவாட்டில் புரள்வதைக் குறைக்கக் கப்பலின் வயிற்றுப் பகுதியில் துடுப்பு மாதிரி தகடுகள் இருக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. அதனால் முன்பக்க மேல்தள அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வயிற்றுக்கு ஒத்துவராதவர்கள் எடுக்கக் கூடாது.

மாமியின் கேள்விக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். கரையிலிருந்து பார்க்கும் கடலும் நடுக்கடலும் ஒன்றல்ல. நான்கு பக்கமும் நிலம் தெரியாமல், செல்போன் சிக்னல் இல்லாமல், ராத்திரி மேல்தளத்தில் நின்று வானம் பார்ப்பது கரையில் கிடைக்காது. கரையோரத்தில் பிறந்தும் கடலுக்குள் போகாத பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு அது ஆடம்பரமில்லை.

தண்டவாளம் தொடங்கும் ஊர்

1979 வரைக்கும் இந்த மாவட்டத்தில் ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ பஸ்ஸில் போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டும். இன்றைக்கு நாட்டின் மிக நீண்ட வழித்தடத்தில் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரிக்கும் அஸ்ஸாமின் திப்ரூகருக்கும் இடையே 4,100 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு பக்கம் கத்ரா வரைக்கும் போகிறது. ஸ்ரீநகரிலிருந்து வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை முடிவதும் இங்கேதான். கரைவழிப் பயணத்துக்கு இது நல்ல வசதி. ரயில் புறப்படும் நிலையத்துக்குத்தான் பொது ஒதுக்கீட்டில் பெரும்பங்கு கிடைக்கும். நடுவழி ஊர்க்காரர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் வரும்போது நாகர்கோவில், கன்னியாகுமரியிலிருந்து முழுத் தூரம் போகிறவருக்கு இடம் கிடைத்துவிடும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆனால் நீண்ட தூர ரயிலில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பது கரைவழிப் பயணம் ஆகிவிடாது. இறங்க வேண்டும். பல ஊர்களில் இறங்கி ஏறும்படி வட்டமாகப் போகிறவர்களுக்கு ரயில்வே சுற்றுப்பயணச் சீட்டு என்று ஒன்று தருகிறது; அதிகபட்சம் எட்டு ஊர்களில் இறங்கலாம், தனித்தனியாகச் சீட்டு எடுப்பதைவிடக் கட்டணம் குறையும். பெரிய நிலையங்களில் கேட்டால் விவரம் சொல்வார்கள். இதை நம் ஆட்கள் பயன்படுத்துவது மிகக் குறைவு.

கரைவழிப் பயணத்தைக் கெடுப்பது பேராசைதான். ஒன்பது நாளில் ஏழு ஊர் என்று விற்கிற பஸ் தொகுப்புகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தினமும் பெட்டி கட்டி, விடியற்காலையில் எழுந்து, எட்டு மணி நேரம் சாலையில் உட்கார்ந்து, இருட்டிய பிறகு அறைக்குப் போவது. கப்பலின் ஓய்வும் அதில் இல்லை, கரையின் நெருக்கமும் இல்லை. இரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்து மூன்று மூன்று ராத்திரி தங்குங்கள். இரண்டாம் நாள்தான் எந்தக் கடையில் இட்லி நன்றாக இருக்கும், எந்தத் தெருவில் சாயங்காலம் நடக்கலாம் என்று தெரியவரும்.

இலங்கையை வைத்துப் பார்ப்போம்

இரண்டு வழியிலும் போகக்கூடிய, நமக்குப் பக்கத்திலுள்ள நாடு அதுதான். சென்னையிலிருந்து கப்பலில் போனால் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று தொடும்படி 2023இல் பயணத்தை வகுத்தார்கள். இங்கே கப்பலுக்கு நியாயம் செய்ய வேண்டும். இந்தத் துறைமுகங்கள் ரோம் மாதிரி தூரத்தில் இல்லை. திருகோணமலையில் கோணேஸ்வரம் கோயில் கடலோரப் பாறையிலேயே இருக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் 20 கிலோமீட்டருக்குள். நல்லூர்க் கோயிலும் 1981இல் எரிந்து மீண்டும் எழுந்த நூலகமும் அரை நாளில் பார்க்கலாம். முழங்கால் வலியோடு இருக்கும் பெற்றோருக்கு இது நிறைவான பயணம்.

கரைவழியாக என்றால் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் படகு தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரக் கடல். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நின்றுபோகும் என்பதால் தேதியை உறுதிசெய்த பிறகே மற்றதைப் பதிவுசெய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் தங்கி, அங்கிருந்து ரயிலில் கொழும்பு. போரால் 1990இல் நின்று 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிய ரயில் அது. பிறகு கண்டி, அட்டன், நுவரெலியா பக்கம் மலையகம். கடைசியில் கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். வீட்டுக்குப் பக்கத்தில் வந்து இறங்கிவிடலாம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் அந்நாட்டு ரயில்பாதைகள் பல இடங்களில் சேதமடைந்ததால், எந்தப் பகுதி ஓடுகிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த வழியில் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை மொழி. யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் பஸ் கண்டக்டரிடமும் அறைக்காரரிடமும் தமிழில் பேசலாம். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருப்பவர்களின் முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அவர்கள் வாழும் மலைகள் துறைமுகத்திலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கின்றன; கப்பலில் போகிறவருக்கு அந்த இலங்கை கண்ணில் படவே படாது. நடக்கத் தெம்பும் பத்து நாளும் உள்ளவர்கள் கரைவழியாகவே போக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

யார் எதில் போகலாம்

பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து ஒன்று கேளுங்கள்: அட்டவணையில் உள்ள ஒரு துறைமுகத்தைக்கூடக் கப்பல் தொடவில்லை, நான்கு நாளும் கடலிலேயே இருந்துவிட்டுத் திரும்புகிறோம் என்றால் சம்மதமா? பாட்டியும் பேரனும் ஒரே மேசையில் சாப்பிடுவதும், யாரும் சமைக்காமல் பாத்திரம் தேய்க்காமல் இருப்பதும், பிரிந்து கிடக்கும் பிள்ளைகள் ஓர் இடத்தில் கூடுவதும் போதும் என்றால் தாராளமாகக் கப்பல் ஏறலாம். கல்யாண வீடு மாதிரிதான் அது. மண்டபம் எந்த ஊர் என்பது முக்கியமில்லை. மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி போகும், தினமும் பெட்டி கட்ட வேண்டாம். துறைமுகம் விட்டுப்போனால் மனசு உடைந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவர்கள் தேடுவது ஊரைத்தான். அவர்களை ரயிலில் கூட்டிப் போங்கள்.

இதய நோயாளிகளும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் கப்பல் ஏறக் கூடாது. டாக்டர் இருப்பார், ஆனால் அது ஆஸ்பத்திரி ஆகாது. நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுவருவது பெரும் செலவு, அதை ஏற்கும் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை. ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய கையோடோ அந்தப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள்.

கப்பலில் உங்களுக்குப் பரிமாறுகிற பையன் நம் ஊர்ப் பையனாகவும் இருக்கலாம். ஹோட்டல் மேனேஜ்மெண்ட் படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகிறவர்கள் இங்கே உண்டு. பல மாத ஒப்பந்தம், வார விடுமுறை கிடையாது. சர்வதேச விதிப்படி வாரத்துக்கு 72 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம். ஊர் பேர் கேட்டுப் பேசுங்கள்.

கப்பலை ஒருதடவை சோதித்துப் பார்க்க வேண்டும், ஆனால் பெரிய செலவு வேண்டாம் என்பவர்களுக்கு லட்சத்தீவு நிர்வாகத்தின் 'சமுத்திரம்' என்ற தொகுப்பு இருக்கிறது: கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாள், கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று பகலில் தீவு, ராத்திரி கப்பல். சூதாட்டமும் நாடகமும் இல்லாத எளிய கப்பல். தீவுக்குள் நுழைய முன்அனுமதி வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அதுவும் வேண்டாம் என்றால் ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குக் கேரள அரசுப் படகு ஓடுகிறது, பஸ் மாதிரி சிறு கட்டணம், இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் வயலும் காயலும். நாகர்கோவிலிலிருந்து காலையில் ஆலப்புழை ரயில் ஏறினால், கோட்டயத்திலிருந்து ராத்திரி ரயிலில் திரும்பிவிடலாம்.